ஆஸ்கர் சிலை: மேலே தங்கம், உள்ளே என்ன? (வாசகர் கேள்வி – பதில்)

ஆஸ்கர் என்றாலே யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பல, சிலையைப் பற்றியே கேட்டிருந்தன. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. விருதாகப் பார்த்துப் பார்த்து அது ஒரு சிற்பம் என்பதையே நாம் மறந்துவிட்டோம், அதைச் செய்தவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதையும் மறந்துவிட்டோம். ஆகவே இந்த இதழில் பக்கம் முழுக்க அந்தச் சிலைக்கே.

ஆஸ்கர் சிலை முழுக்கத் தங்கமா? எவ்வளவு எடை? – தேனி வாசகி

தங்கம் மேல்பூச்சு மட்டும்தான். 24 காரட் முலாம். உயரம் 34 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எடை சுமார் 3.85 கிலோ. இதே அளவில் முழுத் தங்கத்தில் வார்த்திருந்தால் எடை இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும், ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உள்ளே இருக்கும் உலோகம் எது என்பதற்கு ஒரே பதில் கிடையாது, காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதைக் கீழே வேறொரு கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் சிலையை வடிவமைத்தவர் செட்ரிக் கிப்பன்ஸ் என்று ஒரு இடத்தில் படித்தேன், ஜார்ஜ் ஸ்டான்லி என்று இன்னொரு இடத்தில். எது சரி? – மதுரை வாசகர்

இரண்டும் சரி. ஆனால் பெரும்பாலும் முதல் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஆஸ்கர் விருதை வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அமைப்பான அகாடமி 1927-இல் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பில்ட்மோர் ஹோட்டலில் பெரிய விருந்து வைத்து உறுப்பினர்களைச் சேர்த்தார்கள். நிறுவனர்கள் 36 பேர், அவர்களில் ஒருவர் கிப்பன்ஸ். எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கலை இயக்குநர், அன்றைய ஹாலிவுட்டில் செட் என்றால் அவர்தான். விருதுக்கு ஒரு சிலை வேண்டும் என்றதும் வரைந்து கொடுத்தது அவர்: ஒரு வீரன், கையில் சிலுவைப்போர் வீரர்களின் வாள், நிற்பது ஒரு ஃபிலிம் சுருளின் மேல். அந்தச் சுருளில் ஐந்து ஆரங்கள் உண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்று அகாடமியில் இருந்த ஐந்து பிரிவுகளுக்கு ஒவ்வொன்று: நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், எழுத்தாளர்கள்.

இதெல்லாம் காகிதத்தில் இருந்தது. அதற்கு முப்பரிமாணம் கொடுத்தவர் ஜார்ஜ் ஸ்டான்லி, லூசியானாவில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர், ஓட்டிஸ் கலைப் பள்ளியில் படித்தவர், அப்போது வயது 25 இருக்கும். ஒரு கோட்டோவியத்தில் முதுகு கிடையாது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் மார்பு எவ்வளவு முன்னால் வர வேண்டும், இடுப்பு எங்கே ஒடுங்க வேண்டும், வாளைப் பிடித்திருக்கும் கைகள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டுமா விலகி நிற்க வேண்டுமா என்பதையெல்லாம் களிமண்ணைக் கையில் எடுத்தவன்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கைகள் உடம்போடு சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள், தோள் முதல் பாதம் வரை ஒரே ஓட்டமாக இறங்குகிறது, வாளும் அந்த ஓட்டத்திலேயே கரைந்துவிடுகிறது. கிப்பன்ஸ் பிற்பாடு கலை இயக்கத்துக்காக 11 முறை ஆஸ்கர் வாங்கினார், அதாவது தான் வரைந்த சிலையைத் தானே 11 முறை வாங்கியிருக்கிறார். ஸ்டான்லியின் பெயர் சினிமா ரசிகர்களிலேயே பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் பெரிய விஷயம்.

எமிலியோ ஃபெர்னாண்டஸ் என்ற மெக்சிகோ நடிகர்தான் உடையில்லாமல் நின்று இந்தச் சிலைக்கு மாடலாக இருந்தார் என்கிறார்களே? – கோவை வாசகர்

ரொம்பப் பிரபலமான கதை. நடிகை டோலோரஸ் டெல் ரியோ தன் கணவர் கிப்பன்ஸிடம் ஃபெர்னாண்டஸை அறிமுகப்படுத்தினார், அவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார் என்று போகும். ஆனால் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். சிலையின் வடிவம் 1928-இல் முடிந்துவிட்டது, டெல் ரியோவும் கிப்பன்ஸும் கல்யாணம் செய்துகொண்டது 1930-இல். கணவருக்கு அறிமுகப்படுத்தினார் என்பது இதில் எங்கே பொருந்துகிறது? இதற்கு ஆவணம் எதுவும் வெளியே வரவில்லை. ஃபெர்னாண்டஸ் பிற்பாடு மெக்சிகோ சினிமாவின் பெரிய இயக்குநராக வளர்ந்தவர், இப்படியொரு கதை அவருக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று, சிலையின் முகத்தைப் பாருங்கள். அது யாருடைய முகமும் இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரு குறிப்பாக மட்டும்தான் இருக்கின்றன. அப்படி யாராகவும் இல்லாமல் இருப்பதுதான் அதன் பலம் என்பது என் கருத்து.

இதை ஆர்ட் டெகோ சிலை என்று ஏன் சொல்கிறார்கள்? – காரைக்குடி வாசகி

1925-இல் பாரிஸில் அலங்காரக் கலைகளுக்காக ஒரு பெரிய கண்காட்சி நடந்தது, அதையொட்டித்தான் அந்தப் பெயரே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய பாணியில் கொடி, இலை, வளைவு, நெளிவு என்று போய்க்கொண்டே இருக்கும். ஆர்ட் டெகோ அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு நேர்க்கோடு, சமச்சீர், வழவழப்பு, பளபளப்பு என்று வந்தது. இயந்திரம், கார், கப்பல், விமானம் எல்லாம் ஜனங்களுக்குப் புதிதாகவும் அழகாகவும் தெரிந்த காலம் அது. சென்னைக்காரர்கள் பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டிடத்தை ஒருமுறை நின்று நிமிர்ந்து பார்த்தால் அந்த ருசி புரிந்துவிடும்.

இப்போது சிலைக்கு வாருங்கள். நடுவில் ஒரு கோடு போட்டால் இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றே. தசைகள் உண்டு, ஆனால் உடற்கூறு பாடத்துக்கு வரைந்த தசைகள் இல்லை, தளம் தளமாக எளிமைப்படுத்தியவை. தலை வழவழவென்று ஒரு தலைக்கவசம் போல. அந்தக் காலத்தில் இதே பாணியில் நூற்றுக்கணக்கான வெண்கலச் சிலைகள் செய்தார்கள், பாரிஸில் டிமெத்ரே சிபாருஸ் செய்த நாட்டியப் பெண்கள் ஏலங்களில் இன்றைக்கும் பெரிய விலைக்குப் போகிறார்கள். அவற்றில் முத்து, பட்டு, தந்தம் என்று அலங்காரம் ஏராளம். ஸ்டான்லியின் வீரனிடம் அலங்காரம் என்று ஒன்றுமே கிடையாது. 1928-இல் வார்த்த உருவம் இன்றைய மேடை வெளிச்சத்திலும் பழசாகத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் சுண்ணாம்பில் ஆஸ்கர் கொடுத்தார்களாமே? – தூத்துக்குடி வாசகர்

பிளாஸ்டர், அதன் மேல் வர்ணம். உலோகத் தட்டுப்பாடு காரணமாக மூன்று ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முலாம் பூசிய உலோகச் சிலையை வாங்கிக்கொள்ளலாம் என்று அகாடமி அழைத்தது. அந்த ஆண்டுகளில் துணை நடிகருக்கான விருது வாங்கிய பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் வீட்டுக்குள் கோல்ஃப் மட்டையை வீசிப் பழகியபோது அது பட்டு அவருடைய ஆஸ்கரின் தலை துண்டாகிவிட்டது என்பது ஹாலிவுட்டில் எல்லோரும் சொல்லும் கதை. வெண்கலமாக இருந்திருந்தால் மட்டைதான் வளைந்திருக்கும்.

சிலையின் பீடமும் 1945 வரை மாறி மாறி வந்தது. அந்த ஆண்டில்தான் இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வந்து நின்றது.

எல்லாருக்கும் ஒரே அளவுச் சிலைதானா? குழந்தை நட்சத்திரங்களுக்குச் சின்னதாகக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். – திருச்சி வாசகி

ஆமாம், இந்தச் சிலைக்குச் சில சுவையான மாற்று வடிவங்கள் உண்டு. 1935-இல் ஷெர்லி டெம்பிளுக்குக் குட்டி ஆஸ்கர் கொடுத்தார்கள், அவளுக்கு அப்போது ஆறு வயது. 1961 வரை மொத்தம் 12 குழந்தைகளுக்கு அப்படிக் கிடைத்தது. அப்புறம் நிறுத்திவிட்டார்கள். 1938-இல் எட்கர் பெர்கன் என்ற கலைஞருக்கு மரத்தில் செய்த ஆஸ்கர். அவர் கையில் பொம்மையை வைத்துக்கொண்டு தன் உதடு அசையாமல் அதைப் பேச வைப்பவர், ஆகவே அவருடைய சிலைக்கும் வாய் திறந்து மூடும்படி செய்து கொடுத்தார்கள். மறு ஆண்டு வால்ட் டிஸ்னிக்கு, ஏழு குள்ளர்கள் கதையைப் படமாக்கியதற்காக, ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும்.

துணை நடிகர், துணை நடிகை விருதுகள் தொடங்கியபோது அவர்களுக்குச் சிலையே கிடையாது. ஒரு பலகை, அதில் சிறிய ஆஸ்கர் உருவம், அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்தே அவர்களுக்கும் முழுச் சிலை வந்தது. 1940-இல் ஹாட்டி மெக்டேனியல் வாங்கியதும் அந்தப் பலகைதான். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். விருது நடந்த ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லாத காலம், தனி அனுமதி வாங்கித்தான் அவரை உள்ளே விட்டார்கள், அதுவும் சுவரோரமாகப் போட்ட ஒரு தனி மேசையில். அவர் அந்தப் பலகையை ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு என்று எழுதி வைத்தார், அங்கே இருந்து அது பிற்பாடு காணாமல் போய்விட்டது. 2023-இல் அகாடமி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றுப் பலகை ஒன்றைச் செய்து கொடுத்தது. எத்தனையோ தங்கச் சிலைகளின் கதை தெரியும், ஆனால் இந்தப் பலகையின் கதைதான் என்னை ரொம்பப் பாதித்தது.

2009-இல் ஏ.ஆர்.ரஹ்மான் வாங்கிய ஆஸ்கரும், இப்போது கொடுக்கிற ஆஸ்கரும் ஒன்றுதானா? – சென்னை வாசகர்

நல்ல கேள்வி. ஒன்றில்லை!

முதல் விழா 1929 மே 16-இல் ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. அன்று கொடுத்தவை தங்க முலாம் பூசிய வெண்கலச் சிலைகள், உள்ளே வெற்றிடம் இல்லாத முழு வார்ப்பு. ஆனால் சில ஆண்டுகளிலேயே வெண்கலத்தைக் கைவிட்டு பிரிட்டானியா உலோகத்துக்குப் போய்விட்டார்கள். அது பெரும்பகுதி வெள்ளீயம், கூடவே கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு சேர்ந்த கலவை. குறைந்த சூட்டிலேயே உருகும், அச்சில் ஊற்றுவது சுலபம், வழவழப்பாகத் தேய்க்கவும் சுலபம். அதன் மேல் செம்பு, நிக்கல் சில்வர், கடைசியாகத் தங்கம் என்று அடுக்கடுக்காக முலாம். பல பத்தாண்டுகள் இப்படித்தான் போயிற்று, 1980-களின் தொடக்கத்தில் இருந்து 2015 வரை சிகாகோவில் ஆர்.எஸ்.ஓவன்ஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொல்லி ஏந்திய இரண்டு சிலைகளும் அந்தக் காலத்தவை.

2016-இல் வேலை நியூயார்க் மாநிலத்தில் உள்ள பாலிக் டாலிக்ஸ் என்ற கலை வார்ப்புக்கூடத்துக்குப் போனது. அங்கே அவர்கள் செய்த காரியத்துக்காக நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1929-ஆம் ஆண்டின் வெண்கலச் சிலை ஒன்றை எடுத்து, அதையும் அப்போது புழக்கத்தில் இருந்த சிலையையும் டிஜிட்டல் முறையில் அளந்து, ஸ்டான்லியின் பழைய நுணுக்கங்களை மீட்டார்கள். ஒரு சிலையில் இருந்து அச்சு, அந்த அச்சில் இருந்து இன்னொரு சிலை, அதில் இருந்து மறுபடி அச்சு என்று போகப் போக, விளிம்புகள் மழுங்கிக்கொண்டே வரும். கண்ணிமை, விரல் இடுக்கு, தலையின் விளிம்புக்கோடு போன்ற இடங்களில்தான் முதலில் தெரியும். அளவு மாறவில்லை, ஆனால் முகத்திலும் உடம்பிலும் கூர்மை திரும்பி வந்தது, உள்ளே மறுபடியும் வெண்கலம் வந்தது. தங்க முலாம் பூசுவது புரூக்ளினில் உள்ள எப்னர் நிறுவனம்.

ஆகவே 2023-இல் முதுமலை தெப்பக்காடு யானை முகாமைப் பற்றிய குறும்ஆவணப்படத்துக்குக் கிடைத்தது வெண்கல ஆஸ்கர். இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் அதைக் கொண்டுவந்து, அந்தப் படத்தில் யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இருவர் கையிலும் கொடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருவர் முகத்தையும் பார்த்த பிறகு, சிலையின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

எங்கள் பக்கம் சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து மண் பூசி வார்ப்பார்கள். ஆஸ்கரும் அப்படித்தானா? – கும்பகோணம் வாசகர்

இப்போது செய்வது அடிப்படையில் அதே முறைதான் ஐயா. மெழுகு உருவம், அதைச் சுற்றிக் கூடு, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உருக்கிய உலோகம். சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பார்கள், காவிரி வண்டலைப் பூசுவார்கள். ஆஸ்கர் செய்யும் வார்ப்புக்கூடத்தில் மெழுகு உருவத்தைப் பீங்கான் குழம்பில் பலமுறை முக்கி எடுத்துக் காய வைக்கிறார்கள். ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் வெண்கலத்தை உருக்கி ஊற்றுகிறார்கள், ஆறியதும் கூட்டை உடைத்து எடுத்து, கண்ணாடி போல ஆகும்வரை தேய்க்கிறார்கள். 50 சிலைகள் செய்ய மூன்று மாதம் ஆகும்.

பெரிய வித்தியாசம் மெழுகில் இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதி ஒவ்வொரு மெழுகு உருவத்தையும் தன் கையால் செய்கிறார், மண் அச்சை உடைத்ததும் அந்த உருவம் உலகத்திலேயே ஒன்றுதான். ஆஸ்கருக்கு மெழுகையே ஒரு பொது அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள், எல்லாம் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்பது அதன் தேவை. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போடுகிறார்கள், 1949-இல் 501 என்ற எண்ணில் இருந்து தொடங்கினார்கள்.

'ஆஸ்கர்' என்ற பெயர் எப்படி வந்தது? – வேலூர் வாசகி

அகாடமி நூலகத்தில் வேலை பார்த்த மார்கரெட் ஹெரிக், "எங்கள் ஆஸ்கர் மாமா போலவே இருக்கிறது" என்றாராம் என்பது அதிகம் சொல்லப்படுவது. உரிமை கொண்டாடியவர்கள் வேறு சிலரும் உண்டு. அகாடமி அந்தப் பெயரை முறைப்படி ஏற்றது 1939-இல்.

வாங்கியவர்கள் இதை விற்கலாமா? என்ன விலை போகும்? – ஈரோடு வாசகர்

1950-களின் தொடக்கத்தில் இருந்து வாங்கியவர்கள் ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறார்கள்: விற்பதாக இருந்தால் முதலில் அகாடமிக்கே ஒரு டாலருக்குக் கொடுக்க முன்வர வேண்டும். அதற்கு முந்தைய சிலைகள்தான் ஏலத்துக்கு வருகின்றன. 1999-இல் மைக்கேல் ஜாக்சன் ஒரு சிறந்த படத்துக்கான ஆஸ்கரை 15 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். ஆர்சன் வெல்ஸின் ஆஸ்கர் 2011-இல் 8 லட்சத்து 61 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் வேறு மாதிரி செய்தார், கிளார்க் கேபிளின் சிலையையும் பெட் டேவிஸின் சிலைகளையும் ஏலத்தில் எடுத்து அகாடமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்கர் வென்ற முதல் இந்தியர் பானு அத்தையா, 1983-இல் ஆடை வடிவமைப்புக்கு வாங்கியவர். தனக்குப் பிறகு அதைப் பாதுகாக்க ஆள் இல்லாமல் போய்விடக்கூடாது என்று 2012-இல் அவரே அகாடமியிடம் ஒப்படைத்துவிட்டார். என் கணக்கில் மிகச் சரியான முடிவு.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்லியின் வேறு சிற்பங்கள் பார்க்கக் கிடைக்குமா? – நாகர்கோவில் வாசகி

தாராளமாக, அதுவும் காசு கொடுக்காமல். ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கின் வாசலில், ஹைலேண்ட் அவென்யூ சாலையோரமாக, இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கான தேவதைகளைக் கருங்கல்லில் செய்து வைத்திருக்கிறார், 1940-இல் முடிந்த வேலை. நடுவில் யாழோடு மண்டியிட்டிருக்கும் உருவத்தை நன்றாகப் பாருங்கள், தோளும் முகமும் ஆஸ்கரின் உறவு என்று உடனே தெரியும். கிரிஃபித் வானாய்வகத்தின் முன்னால் ஆறு வானியலாளர்களின் உருவம் தாங்கிய 1934-ஆம் ஆண்டுத் தூண் இருக்கிறது, அந்த ஆறில் நியூட்டன் ஸ்டான்லி செய்தது. உள்ளே போகவும் கட்டணம் கிடையாது. வில்ஷயர் சாலையில் பழைய புல்லக்ஸ் பல்பொருள் அங்காடிக் கட்டிடம் இப்போது சட்டக் கல்லூரி, வாசலுக்கு மேலே உள்ள புடைப்புச் சிற்பம் அவருடையது, தெருவில் நின்றே பார்க்கலாம். அகாடமி அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும், அங்கே பல காலத்து ஆஸ்கர்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன மாற்றங்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. வானாய்வகத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை விடுமுறை.